இரவல் குதிரையில் வந்த சுதந்திரம்

பாஸ்டன் நகரத்துக்குப் போனால் தேசத் தியாகிகளைத் தேடி அண்ணாந்து பார்க்காதீர்கள். குனிந்து பாருங்கள். நடைபாதையில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். சில இடத்தில் செங்கல், சில இடத்தில் பெயின்ட். இரண்டரை மைல் அதன் மேலேயே நடந்தால், அமெரிக்கா பிறந்த கதையின் 16 இடங்கள் வரிசையாக வந்துவிடும். பெயர் ஃப்ரீடம் டிரெயில். 1951-ல் பில் ஸ்கோஃபீல்டு என்ற பத்திரிகைக்காரர் கொடுத்த ஐடியா. அடங்க மாட்டோம் என்று ராஜாவையே எதிர்த்த ஊரில், இப்போது கோடு போட்டுக் கூட்டிப் போகிறார்கள்!

கூட்டிப் போகிறவர் முக்கோணத் தொப்பியும் முழங்கால் வரை கால்சட்டையுமாக 18-ஆம் நூற்றாண்டிலிருந்து இறங்கி வந்த மாதிரி நிற்பார். அவர் வாயைத் திறக்கும் வரை சிலை வெறும் சிலைதான், கல்லறை வெறும் கல்தான். வெண்கலத்துக்குப் பேச வராது. அது அந்த மகான்களின் அதிர்ஷ்டம்.

ஃபேன்யில் ஹால் வாசலில் கைகட்டி முறைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவர் சாமுவேல் ஆடம்ஸ். பிரிட்டிஷ்காரனுக்கு வரி கட்டாதே என்று ஊரைக் கிளப்பிவிட்ட ஆள். அதற்கு முன்னால் என்ன உத்தியோகம் பார்த்தார் என்று கேளுங்கள். வரி வசூல்! சும்மா இல்லை, 1756-லிருந்து ஒன்பது வருஷம். பாக்கியை அழுத்திக் கேட்க மாட்டார். ஜனங்களும் கொடுக்க மாட்டார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தால் சுமார் 8,000 பவுண்டு துண்டு விழுந்திருந்தது. வரி கட்டாதே என்று அவர் பிறகு முழங்கியபோது கைதட்டியவர்களில் பலருக்கு அது ஏற்கெனவே பழக்கமான கொள்கை.

அப்பா வைத்துவிட்டுப் போன மால்ட் தொழிலையும் வெற்றிகரமாக மூடியவர். 1774-ல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய காலனிகளின் காங்கிரசுக்குப் புறப்பட்டபோது, போட்டுக்கொள்ள உருப்படியான டிரெஸ் இல்லை. நண்பர்கள் காசு போட்டு கோட்டு, விக், ஷூ எல்லாம் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். இன்றைக்கு அவர் பெயரில் ஒரு பீர் சக்கைப்போடு போடுகிறது. பாவம், ராயல்டி வாங்க ஆள் இல்லை.

அடுத்து அந்த உலகப் புகழ்பெற்ற டீ பார்ட்டி. 1773 டிசம்பர் 16 ராத்திரி, ஊர்க்காரர்கள் மோஹாக் செவ்விந்தியர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு மூன்று கப்பல்களில் ஏறி, 342 பெட்டி டீயைக் கடலில் கொட்டினார்கள். நம் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. இலை மட்டும் சீனாவிலிருந்து வந்தது. இதில் வேடிக்கை, அந்த வருஷத்து பிரிட்டிஷ் டீ சட்டத்தால் டீ விலை ஏறவில்லை, இறங்கியது! சட்டப்படி வருகிற டீ மலிவாகிவிட்டால் கள்ளக்கடத்தல் டீயை யார் வாங்குவார்? வரி மேலிருந்த கொள்கைக் கோபத்தோடு வியாபாரக் கோபமும் சேர்ந்துகொண்டது. அன்றைக்குக் கடல் வேறு வற்றியிருந்தது. கொட்டிய டீ மிதந்து போகாமல் கப்பல் பக்கத்திலேயே குவிந்து நின்றது. புரட்சிக்காரர்கள் டெக்கைப் பெருக்கிவிட்டுப் போனார்கள். உடைத்த ஒரு பூட்டுக்குப் பதில் பூட்டும் வாங்கிக் கொடுத்தார்கள். இவ்வளவு டீசன்டான கலவரத்தை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இப்போது ஹீரோவுக்கு வருவோம். பால் ரிவியர். ஓல்டு நார்த் சர்ச் பக்கத்தில், குதிரை மேல் கம்பீரமாக, வெண்கலத்தில். சிற்பி சைரஸ் டாலினின் மாதிரியை 1883-ல் தேர்ந்தெடுத்தார்கள். சிலை திறந்தது 1940-ல். அவசரச் செய்தி கொண்டுபோனவரின் குதிரை வந்து சேர 57 வருஷம்.

1775 ஏப்ரல் 18 நள்ளிரவு. பிரிட்டிஷ் பட்டாளம் கிளம்பிவிட்டது என்று சொல்ல, இரவல் குதிரையில் லெக்சிங்டனுக்குப் பறந்தார். அங்கே ஒளிந்திருந்தவர்கள் சாமுவேல் ஆடம்ஸும், பெரும் பணக்காரர் ஜான் ஹான்காக்கும். வாசலில் காவலுக்கு நின்றவர், “வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், சத்தம் போடாதீர்கள்” என்றாராம். தேசம் பிறக்கப் போகிற ராத்திரியில் சொல்கிற பேச்சா இது?

அங்கிருந்து, பட்டாளம் குறிவைத்த கான்கார்டுக்குக் கிளம்பியவர் வழியிலேயே பிரிட்டிஷ் ரோந்திடம் மாட்டிக்கொண்டார். குதிரையைப் பிடுங்கிக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள். இரவல் குதிரை திரும்பவே இல்லை. கான்கார்டுக்குச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சாமுவேல் பிரஸ்காட் என்ற இளம் டாக்டர். ரிவியர்? நடந்தே லெக்சிங்டனுக்குத் திரும்பினார். ஹான்காக் ஒரு பெட்டி நிறைய ரகசியக் காகிதங்களை விடுதியில் மறந்துவிட்டுப் போயிருந்தார். புரட்சியின் முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது, நம் ஹீரோ அந்தப் பெட்டியை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். ஹான்காக்கோ, பத்திரமான இடத்துக்குப் போனதும் ஆளனுப்பி, விட்டுவந்த சால்மன் மீனை வரவழைத்தாராம். காகிதம் மறக்கும், மீன் மறக்குமா?

பிறகு எப்படி ரிவியருக்கு மட்டும் இத்தனை புகழ்? 1860-ல் லாங்ஃபெல்லோ என்ற கவிஞர் அந்த ஓல்டு நார்த் சர்ச் கோபுரத்தில் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து கவிதை எழுதினார். கவிதையில் ரிவியர் தனி ஆளாகக் கான்கார்டு வரை போய்விட்டார். பிரஸ்காட்டைக் காணோம், ரிவியரோடு செய்தி கொண்டுபோன வில்லியம் டாஸையும் காணோம். ஒரே ஒரு கவிஞர் கையெழுத்தில் இரண்டு குதிரைக்காரர்கள் சரித்திரத்திலிருந்து கீழே விழுந்தார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. 1779-ல் பெனாப்ஸ்காட் என்ற இடத்தில் அமெரிக்கப் படை படுதோல்வி அடைந்தது. பீரங்கிப் படைக்குத் தலைவர் ரிவியர். உத்தரவை மதிக்கவில்லை என்று ஒரு ஜெனரல் அவரைக் கைது செய்வேன் என்று மிரட்டினார். ராணுவ விசாரணை நடந்து, 1782-ல்தான் ரிவியர் பெயர் சுத்தமானது. அந்த ஜெனரல் பெலெக் வாட்ஸ்வொர்த். யார் அவர்? கவிஞர் லாங்ஃபெல்லோவின் அம்மாவைப் பெற்ற தாத்தா! தாத்தா குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்த்தவரைப் பேரன் குதிரை மேல் ஏற்றிவிட்டார்.

ஆக, சிலையை வைப்பது கமிட்டி; அதற்குக் காரணம் ஒரு கதைசொல்லி. முக்கோணத் தொப்பிக்காரர் இந்தக் குட்டுகளை உடைப்பதால் யார் மரியாதையும் குறைந்துவிடவில்லை. குதிரையைப் பறிகொடுத்துவிட்டு, தூக்கமில்லாமல், அடுத்தவர் பெட்டியைச் சுமந்த மனுஷன் மேல், வெண்கல வீரனைவிட எனக்குப் பாசம் அதிகம்தான்.

கோட்டின் கடைசி முனையில் பங்கர் ஹில் ஸ்தூபி. 221 அடி, 294 படி, லிஃப்ட் கிடையாது. 1775 ஜூன் 17-ல் நடந்த பங்கர் ஹில் சண்டையின் நினைவாக எழுந்தது. ஆனால் ஸ்தூபி நிற்பது ப்ரீட்ஸ் ஹில். சண்டையும் பெரும்பாலும் அங்கேதான் நடந்தது. பெயர் மட்டும் பக்கத்துக் குன்றுக்குப் போய்விட்டது. சரி, ஜெயித்தவர் யார்? பிரிட்டிஷார். அவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் பலிகொடுத்தும் காயப்பட்டும்தான் அந்த மேட்டைப் பிடிக்க முடிந்தது என்பது அமெரிக்கர்களின் பெருமை.

1825-ல் அடிக்கல் நாட்டிய கமிட்டிக்கு நடுவழியில் பணம் தீர்ந்தது. போர்க்களத்து நிலத்தையே பிளாட் போட்டு விற்றார்கள், அப்போதும் போதவில்லை. 1840-ல் சாரா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை பெண்களைத் திரட்டி, கைவேலைப் பொருட்களும் தின்பண்டங்களும் விற்கும் சந்தை போட்டார். ஏழே நாளில் 30,000 டாலர். ஸ்தூபி எழுந்துவிட்டது. இந்த அம்மாள் யார் தெரியுமா? உங்கள் பிள்ளை யூகேஜியில் ஒப்பிக்கிற ‘மேரி ஹேட் எ லிட்டில் லேம்’ பாட்டை எழுதியவர். ஓட்டுரிமைகூட இல்லாத பெண்கள் விற்றுச் சேர்த்த காசும் சேர்ந்துதான், ஆண்கள் தோற்ற சண்டைக்கு அவ்வளவு உயரமான ஞாபகச் சின்னம் நிற்கிறது!