ஓசூர் இறக்கத்துக்கு எந்த டயர்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கார் வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. டயரில் பட்டன் இன்னும் தெரிகிறது. பஞ்சர் கடைக்காரர் "ஒரு தீபாவளி தாங்கும்" என்கிறார். நம்பலாமா? (ஓசூர்)

பதில்: ஓசூர்ப் பக்கம் மழை வலுப்பதே தீபாவளியை ஒட்டிய செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான். தேய்ந்த டயருக்கு அதைவிடக் கடினமான தேர்வு வேறில்லை. புதிய கார் டயரின் பள்ளம் ஏறக்குறைய 7 முதல் 8 மி.மீ. ஆழம் இருக்கும். பள்ளங்களின் அடியில் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. ரப்பர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் சட்டத்தின் எல்லை வேறு, மழைச் சாலையின் எல்லை வேறு. டயருக்கும் தாருக்கும் நடுவில் புகும் தண்ணீரை வெளியேற்றுவதுதான் பள்ளத்தின் வேலை. ஆழம் 3 மி.மீட்டருக்குக் கீழே போனால் அந்த வேலை தடுமாறுகிறது, பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் கூடுகிறது. சூளகிரியைத் தாண்டி மேலுமலை இறக்கத்தில், முன்னால் கிரானைட் கல் ஏற்றிய லாரி போகும்போது, அந்தக் கூடுதல் தூரத்துக்கு இடம் கிடைக்காது. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு 3 மி.மீட்டரையே கடைசிக் கோடாக வைத்துக்கொள்வது நல்லது.

தேய்மானம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் ஒரு செய்தி சொல்லும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட் கோளாறு. பக்கவாட்டில் புடைப்பு தெரிந்தால் பள்ளத்தை அளக்கவே வேண்டாம். உள்ளே நூலிழை அறுந்துவிட்டது என்று பொருள்; அந்த டயர் அன்றே இறங்க வேண்டும்.

கேள்வி: பிரெஸ்ஸா வைத்திருக்கிறேன். கொஞ்சம் அகலமான டயர் போட்டால் வண்டி மிடுக்காகத் தெரியும் என்று மைத்துனர் சொல்கிறார். (பாகலூர்)

பதில்: மைத்துனர் சொல்வது கண்ணுக்குச் சரி, கணக்குக்குச் சரியில்லை. பிரெஸ்ஸாவின் டயரில் 215/60 ஆர்16 என்று இருக்கும். 215 என்பது மி.மீட்டரில் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டுச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. அதாவது 129 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், 16 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். இந்த மூன்று எண்களையும் வைத்துக் கணக்கிட்டால் டயரின் முழு விட்டம் சுமார் 664 மி.மீ. இதற்குப் பதில் 235/60 ஆர்16 மாட்டினால் விட்டம் 688 மி.மீ. ஆகிவிடும், 3.6 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டரின் கணக்குக்கு மேலே வண்டி அந்த அளவு வேகமாக ஓடும். ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பும்போது டயர் உள்ளே உரசலாம், மைலேஜும் இறங்கும். கார்க் கம்பெனி அந்த மாடலுக்கு, அந்த வேரியன்ட்டுக்கு என்ன அளவு கொடுத்ததோ அதுவே உரியது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். க்ரெட்டா போன்ற வண்டிகளில் ஒரே மாடலுக்குள்ளேயே வேரியன்ட்டைப் பொறுத்து 16 அங்குலமும் 17 அங்குலமும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் டயரைப் பார்த்து அளவைச் சொல்லி வாங்கினால், டிஸ்க்கில் ஏறவே ஏறாமல் போகலாம்.

கேள்வி: அளவுக்குப் பின்னால் 95எச் என்று இருக்கிறதே, அது என்ன, விலைக் குறியா? (பர்கூர்)

பதில்: விலையைவிட முக்கியமான குறி. 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை. தேசிய நெடுஞ்சாலை 44-இல் அந்த வேகத்தில் யாரும் போகக் கூடாது, போகவும் முடியாது. பிறகு எதற்கு எச்? வேகக் குறி என்பது வெப்பத்தைத் தாங்கும் திறனுக்கும் ஓர் அடையாளம். சித்திரை வெயிலில் ஐந்து பேர், பின்னால் மாம்பழப் பெட்டி என்று கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பும் வண்டிக்கு அந்தக் கையிருப்பு தேவைப்படும். நான்கு டயரின் கணக்கைக் கூட்டி 2,760 கிலோ தாங்குமே என்று நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடையில் பெரும்பகுதி முன் டயர்கள் மேல் சாய்கிறது. எடைக் குறியிலும் வேகக் குறியிலும் பழைய டயருக்குச் சமமாகவோ மேலாகவோ வாங்கலாம். கீழே மட்டும் இறங்கக் கூடாது.

கேள்வி: கடையில் "புது ஸ்டாக் சார்" என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது? (காவேரிப்பட்டணம்)

பதில்: டயரிடமே கேட்கலாம், அது வயதை மறைக்காது. பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். ஒரு பக்கம் மட்டுமே அந்த எண் இருக்கக்கூடும், எனவே மாட்டுவதற்கு முன்பே புரட்டிப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் தயாரானது கிடைத்தால் மிக நல்லது, ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் வேறு கேட்கலாம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் காலப்போக்கில் இறுகும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பற்றாது. அதனால்தான் கொஞ்சமே ஓடிய காரிலும் ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் டயரைச் சோதிக்கச் சொல்கிறார்கள். பத்து வருஷம் ஆனது, பள்ளம் எவ்வளவு இருந்தாலும், விடைபெற வேண்டியதுதான். ஸ்டெப்னிக்கும் இதே வயதுக் கணக்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம்.

கேள்வி: தளி, அஞ்செட்டி, அங்கிருந்து ஒகேனக்கல் என்று அடிக்கடி போவோம். ஜீப் டயர் மாதிரி முரட்டுப் பட்டன் டயர் போடலாமா? (தேன்கனிக்கோட்டை)

பதில்: "அடிக்கடி" என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். எஸ்.யு.வி. வகை வண்டிகளுக்கு முக்கியமாக இரண்டு விதமான டயர்கள் வருகின்றன. எச்.டி. என்பது தார்ச் சாலைக்கு, ஏ.டி. என்பது சாலை பாதி, மண் பாதி. ஏ.டி. டயரில் பட்டன் பெரிது, இடைவெளியும் பெரிது. சேற்றில் பிடிக்கும், கூர்ங்கல்லையும் ஓரளவு தாங்கும். அதே இடைவெளிகள் தார்ச் சாலையில் இரைச்சல் போடும், எரிபொருளையும் கூடுதலாகக் கேட்கும். நனைந்த தாரில் நல்ல எச்.டி. டயர் நிற்கும் தூரத்தில் பல ஏ.டி. டயர்கள் நிற்பதில்லை. அஞ்செட்டி வழிக் காட்டுச் சாலையும் தார்தான். அங்கே தேவை நிதானமே தவிர முரட்டு டயர் அல்ல. மாந்தோப்புக்குள் தினமும் மண் பாதையில் போய்வரும் வண்டி என்றால் ஏ.டி. பொருந்தும். கிரஷருக்கும் குவாரிக்கும் போகும் வண்டிக்கும் அப்படியே. வாரம் ஐந்து நாள் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் காருக்கு எச்.டி.தான் சரி.

கேள்வி: எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே., மிஷெலின்... எந்தக் கம்பெனி? ஒரே வார்த்தையில் சொல்லவும். (கிருஷ்ணகிரி)

பதில்: ஒரே வார்த்தையில் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். இந்த ஐந்துக்குமே தமிழ்நாட்டில் ஆலை இருக்கிறது. எம்.ஆர்.எஃப். 1946-இல் சென்னையில் பலூன் செய்யும் பட்டறையாகப் பிறந்தது. அப்பல்லோவுக்கு ஒரகடத்தில் ஆலை, மிஷெலினுக்கு கும்மிடிப்பூண்டிப் பக்கம். ஆக, எதை வாங்கினாலும் தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கைபட்ட டயராக இருக்க வாய்ப்பு உண்டு. பார்க்க வேண்டியது கம்பெனியின் பெயரை அல்ல, டயரின் ரகத்தை. ஒரே கம்பெனியில் நீண்ட நாள் உழைக்கும் ரகம் ஒன்று, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் ரகம் ஒன்று, சத்தம் குறைந்த ரகம் ஒன்று என்று இருக்கும். மூன்றும் ஒன்றாக முழு அளவில் கிடைப்பது அரிது, ஏனென்றால் அதிக நாள் உழைக்கும் கெட்டி ரப்பர் பொதுவாக ஈரத்தில் கொஞ்சம் பின்தங்கும்.

பல டயர்களின் பக்கவாட்டில் மூன்று மதிப்பீடுகள் அச்சாகியிருக்கும். உழைப்புக்கு 300, 400 போன்ற எண். ஈரப் பிடிப்புக்கு ஏஏ, ஏ, பி, சி. வெப்பத்துக்கு ஏ, பி, சி. உழைப்பு எண்ணைக் கம்பெனியே தன் சோதனைப்படி போடுகிறது. ஆகவே இரண்டு கம்பெனிகளின் எண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை, ஒரே கம்பெனிக்குள் ஒப்பிடலாம். ஃபிரிட்ஜில் இருப்பதுபோல நட்சத்திர லேபிளும் சில டயர்களில் உண்டு. அது முதன்மையாக எரிபொருள் சிக்கனத்தைச் சொல்வது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஐம்பது கி.மீ. தூரத்துக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த வழியில் லாரிகளுக்கு நடுவே மழையிலும் ஓடும் குடும்ப வண்டிக்கு ஈரப் பிடிப்பு முதலில், வெப்பம் தாங்குவது இரண்டாவது. உழைப்பும் மைலேஜும் அதற்குப் பிறகு. ஐயாயிரம் கி.மீ. குறைவாக உழைத்தாலும் நேரத்துக்கு நிற்கும் டயரே மேல்.

கேள்வி: அத்திப்பள்ளி தாண்டினால் டயர் விலை குறைவாமே? (மூக்கண்டப்பள்ளி)

பதில்: வரியில் குறைவு இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரி. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய கார் டயருக்கு அது 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்தக் குறைப்பும் இரு மாநிலத்துக்கும் பொது. பெங்களூருவில் விலை இறங்கித் தெரிந்தால் அது கடைக்காரரின் லாபக் கணக்கு. ஓசூர்க் கடைகளில் அதே விலையைச் சொல்லிக் கேட்டால் பல நேரம் படியும். மாட்டும் கூலி, பேலன்சிங், அலைன்மென்ட், புது வால்வு, பழைய டயருக்குத் தரும் தொகை எல்லாவற்றையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். டயரின் எண்ணோடு பில் வாங்கினால்தான் பின்னால் வாரன்டி கேட்க முடியும்.

கேள்வி: பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது. முன்னால் போடவா, பின்னால் போடவா? (ராயக்கோட்டை)

பதில்: பின்னால். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஏனென்றால் குடும்பக் கார்களில் பெரும்பாலானவற்றை இழுப்பது முன்சக்கரம். ஆனால் ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும்; சாதாரண ஓட்டுநரால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. ஒரே அச்சில் இரண்டும் ஒரே அளவு, ஒரே ரகமாக இருக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் நான்கையும் சேர்த்து மாற்றுவதே முறை.

கேள்வி: லாரிக்குச் செய்வதுபோலக் காருக்கும் ரீட்ரெடிங் செய்யலாமா? (போச்சம்பள்ளி)

பதில்: வேண்டாம். லாரி டயரின் கட்டுமானமே மறுபடி ரப்பர் ஏற்றுவதற்கு இடம் தருவது. கார் டயர் அப்படிச் செய்யப்பட்டதல்ல.

கேள்வி: புது டயர் மாட்டியாயிற்று. நைட்ரஜன் அடித்தே ஆக வேண்டுமா? (சூளகிரி)

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. எந்தக் காற்று என்பதைவிட எத்தனை பி.எஸ்.ஐ. என்பதுதான் டயரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கதவுத் தூணின் ஸ்டிக்கரில் ஆள் குறைவாக இருக்கும்போது ஓர் அளவும், முழுச் சுமைக்கு வேறோர் அளவும் இருந்தால், ஊருக்குக் கிளம்பும் நாளில் இரண்டாவதைப் பின்பற்ற வேண்டும். காலையில் வண்டி எடுக்கும் முன் பார்க்கும் அளவே உண்மையானது. ஓடி வந்த டயரில் சூட்டால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடியிருக்கும், அதைப் பார்த்துப் பயந்து காற்றைப் பிடுங்கிவிடக் கூடாது. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஒரு பி.எஸ்.ஐ. குறையும் என்பதால், ஓசூரின் மார்கழிக் குளிரில் மாதம் இருமுறை பார்ப்பது நல்லது.

முதல் சில நூறு கி.மீ. நிதானமாக ஓட்ட வேண்டும். அச்சிலிருந்து வந்த வழவழப்பு தேய்ந்த பிறகே ரப்பர் முழுதாகப் பிடிக்கும். 100 கி.மீ.க்குள் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றி மாட்ட வேண்டும். சிப்காட் சாலைகளில் ஆணியும் லேத் சுருளும் குத்துவது புதிதல்ல. தரையில் படும் நடுப்பகுதியில் சின்ன ஓட்டை என்றால் பஞ்சர் போடலாம்; பக்கவாட்டில் என்றால் போடக் கூடாது.

கேள்வி: பழைய டயரை என்ன செய்வது? மொட்டை மாடியில் நான்கு கிடக்கின்றன. (ஓசூர்)

பதில்: மழைநீர் தேங்கிய டயர் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த வீடு, டெங்கு அங்கிருந்தே கிளம்புகிறது. போகிக்கு எரித்தால் நச்சுப் புகை. டயர் கடையிலோ, உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடமோ கொடுத்துவிட வேண்டும். பயன்படுத்திய டயரை மறுசுழற்சி செய்யவைக்கும் பொறுப்பை 2022-இல் வந்த விதிகள் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியிருக்கின்றன. புடைத்ததோ கிழிந்ததோ என்றால், கொடுக்கும் முன் பக்கவாட்டை வெட்டிவிடச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அது பாலிஷ் போட்டு இன்னொருவர் வண்டியில் ஏறிவிடக்கூடும்.