பேத்திக்குச் சொன்ன போஸ்டர் புத்தி

வா தாயி, உக்காரு. உன் திராட்சை ஆராய்ச்சியைப் பத்திக் கான்பரன்ஸுக்கு அப்ஸ்ட்ராக்ட் அனுப்பணும், 250 வார்த்தைக்குள்ள அடக்கணும்னு ராத்திரியெல்லாம் லேப்டாப்பைத் தட்டிக்கிட்டுக் கெடந்தியாமே. எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல? நம்ம கோம்பை ஊருல நாய்க்கு மட்டுந்தான் பேருன்னு நெனைச்சியா?

கேட்டுக்க. மொத 200 வார்த்தைக்கும் பன்னீர் திராட்சையோட பெருமையைப் பாடு. 1832-ல பிரெஞ்சுக்காரப் பாதிரியார் கொண்டாந்தது, 2023-ல புவிசார் குறியீடு கெடைச்சது, ஒண்ணையும் விட்ராத. மிச்சம் அம்பதுல, என்ன மருந்து அடிச்ச, எத்தனை கொடியில அடிச்ச, எலையில செவட்டை நோவு எவ்வளவு கொறைஞ்சுச்சு, இதை மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிராத. ‘முடிவுகள் விரிவாக விவாதிக்கப்படும்’னு ஒரு வரி போட்டு அனுப்பிரு. பழம் இன்னும் வெட்டவே இல்லையே, முடிவுக்கு எங்க போறதுங்குறியா? அதுக்குத்தான தாயி அந்த வரியையே கண்டுபிடிச்சு வச்சிருக்காய்ங்க!

இந்த வித்தை தெரியாம மில்லார்டேன்னு ஒரு தாவரவியல் வாத்தியார் இருந்தாரு, பிரான்சுல போர்டோ பக்கம். அங்கிட்டு ரோட்டோரத் தோட்டக்காரய்ங்க, போறவன் வாரவன் பழத்தைப் பிச்சுத் திங்கக் கூடாதுன்னு, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடி மேல தெளிச்சு வச்சிருந்தாய்ங்க. நீலம் பாரிச்ச பழத்தை எவன் வாயில வைப்பான்? 1882-ல அந்த ஓரத்துக் கொடியில மட்டும் செவட்டை எறங்கலைங்கறதை வாத்தியார் பாத்துட்டாரு. சும்மா விடாம சோதிச்சுப் பாத்து, 1885-ல எழுதியும் போட்டுட்டாரு. இன்னைக்கும் 100 லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்புன்னு நம்ம பந்தல்ல அடிக்கிறது அதைத்தான். என்ன நோவு, என்ன செஞ்சாரு, என்ன கண்டாரு, நாலே வரி. இப்ப அனுப்பியிருந்தாருன்னு வையி, ‘முன்னுரை பத்தாது’ன்னு உங்க கைடு திருப்பி விட்டிருப்பாரு.

போஸ்டருக்கு வருவோம். ஏ0 அளவு, 84 சென்டிமீட்டர் அகலம், 119 சென்டிமீட்டர் உசரம்னு சொன்ன. அம்புட்டு எடம் எதுக்கு? நம்ம காதுகுத்து பிளக்ஸ் கணக்கா நெரப்பிரு. மேல மூணு லோகோ. அதுக்குக் கீழ கைடு, கோ-கைடு, துறைத்தலைவர், மைக்ராஸ்கோப் பீரோவுக்குச் சாவி வச்சிருக்கவரு, எல்லார் பேரும். தாய்மாமன் படம் சின்னதாப் போனா என்ன ரகளை ஆகும்னு தெரியும்ல? தோட்டத்துல வெயில்ல நின்னு எலை எண்ணிக் குடுத்த பொம்பளைக பேரு மட்டும் வேணாம், எடம் பத்தாது. மிச்ச எடத்துல அப்ஸ்ட்ராக்டையே பொடி எழுத்துல ஒட்டிரு. கம்பத்துல பிளக்ஸ் கடைப் பையங்கிட்டச் சொன்னா, பச்சை மேல செவப்பு எழுத்தாப் போட்டுக் கண்ணைப் பிடுங்கிருவான்.

மைக் மாரிசன்னு ஒரு ஆளு 2019-ல வீடியோ போட்டிருக்காருன்னு காட்டுனியே, கண்டுபிடிச்சதை நடுவுல பெரிய எழுத்துல ஒரே வரியா எழுது, மத்ததுக்கு ஓரத்துல கியூஆர் கோடு வையின்னு. அந்தப் பேச்சைக் கேட்டுறாத. தூரத்துலயே வெளங்கிருச்சுன்னா கிட்ட வருவான். கிட்ட வந்தா கேப்பான். ‘மருந்தடிக்காம விட்ட கொடி எத்தனை, அதுல எத்தனை எலையில செவட்டை?’ன்னு கேட்டுட்டா என்ன செய்வ? ‘நல்ல கேள்வி சார்’னு சொல்லிட்டு டீ குடிக்க நழுவிரு. அங்கனதான் எல்லாரும் இருப்பாய்ங்க.

என்ன மூஞ்சி தொங்கிப் போச்சு? எத்தனை கொடியை விட்டோம்னு நோட்டுல குறிக்கலையா?

சரி சரி, அழுகாத. அந்தா, சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு டைரி இருக்கு பாரு, எடு. கெழக்கால நாலு வரிசைக்கு மருந்து வேணாம்னு நீ சொல்லிட்டுப் போன நாள்லருந்து, வாரா வாரம் எலையை எண்ணி எழுதி வச்சிருக்கேன். மழை பேஞ்ச நாளையும் குறிச்சிருக்கேன். எடுத்துக்க. ஆனா போஸ்டர்ல எம் பேரு வரணும். போட்டோ மீசையோட இருக்கணும், உங்க கைடு படத்தைவிட ஒரு சுத்துப் பெருசா.