அடி தாங்கும் பெட்டி

1987-இல் ஜப்பானின் கேப்காம் கம்பெனி ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ விளையாட்டை இறக்கியபோது, அதன் பெட்டியில் பெரிய ரப்பர் பொத்தான்கள் இருந்தன. எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ, திரையில் இருப்பவனும் அவ்வளவு பலமாகக் குத்துவான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காசு போட்டவர்கள் எதிராளியை விட்டுவிட்டுப் பெட்டியைத் துவைத்து எடுத்தார்கள். பொத்தானும் பழுதானது, கையும் வீங்கியது. கம்பெனி அதைக் கைவிட்டு, விரலால் அழுத்தும் ஆறு பொத்தான்களுக்கு இறங்கி வந்தது.

அமெரிக்காவில் 1930-களிலேயே இந்தத் தகராறு உண்டு. பின்பால் மேசையைத் தூக்கியும் தட்டியும் குண்டைத் தங்கள் வழிக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்துப் பொறுக்காத ஹாரி வில்லியம்ஸ், முதலில் மேசையின் அடியில் கூராக ஆணியை வைத்தாராம். பிறகு மனமிரங்கி, மேசை ஆடினால் ஆட்டமே நின்றுபோகும் ஏற்பாட்டைச் செய்தார். விளையாட்டுப் பெட்டிக்கு முதல் எதிரி அதை ஆடுகிறவர்தான்.

விழுப்புரத்துக்காரர் ஒருவர் சொந்தமாக அப்படியொரு பெட்டி செய்யக் கிளம்பியபோது இந்த வரலாறெல்லாம் அவரைத் தடுக்கவில்லை. 2006-இல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த 14 அங்குல டிவி பரணில் கிடந்தது. அதில் ஒயரைச் செருகினால் உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர் ஓடும். பழைய விளையாட்டுகளை ஓட்டும் ‘மேம்’ மென்பொருள் 1997 முதலே இருக்கிறது. மின்சார வேலை அத்தோடு தீர்ந்தது. மிச்சம் மரவேலை. மனிதர் அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

ஆறடி உயரம், முன்னுக்குப் பின் ஒன்றரை அடி என்று படம் போட்டுக்கொண்டு ஆசாரியிடம் போனார். ஆசாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது பீரோவா சார், பூஜை அலமாரியா?”

“கேம் ஆடுற பெட்டிண்ணே. உள்ள டிவி இருக்கும்.”

“எவ்ளோ உசரத்துல?”

“அஞ்சடியில.”

“அப்ப ஆடப்போறது கேம் இல்ல சார், பெட்டி.”

ஆசாரி வாயால் சொன்னதைக் கணக்காகவும் போடலாம். மொத்த எடை 40 கிலோ, அது நட்டநடுவில் இறங்குகிறது, ஜாய்ஸ்டிக் பலகை மூன்றடி உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அடிப் பெட்டியை அந்த உயரத்தில் 10 கிலோ விசையோடு இழுத்தால் பின்பக்கம் தரையை விட்டு எழும்பும். எட்டாம் வகுப்புப் பையனுக்குப் பத்து கிலோ ஒரு பொருட்டா? போதாக்குறைக்குப் பழைய டிவியில் கனமெல்லாம் படக்குழாயின் முகப்புக் கண்ணாடியில். அது ஆடுகிறவரைப் பார்த்தபடி நிற்பதால், கவிழ நினைக்கும் பெட்டி பையன் மேலேதான் கவிழும்.

இது சிரிக்கிற விஷயமில்லை. 2016-இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. சுவரோடு பிணைக்காத அலமாரிகள் சரிந்து குழந்தைகள் இறந்திருந்தார்கள்.

டிவியை ஒரு முழம் கீழே இறக்கினார்கள், ஒன்றரை அடியை இரண்டடி ஆக்கினார்கள். அப்படியும் பெட்டி இடமும் வலமும் நெளிந்தது. நம்மவர் ஸ்குரூவை இன்னும் முறுக்க, பிளைவுட்டில் ஓட்டைதான் பெரிதானது. சட்டம் எவ்வளவு தடியாக இருந்தாலும் சதுரம் சாய்சதுரமாகச் சரியத்தான் பார்க்கும். மூலைக்கு மூலை எதுவாவது இழுத்துப் பிடிக்க வேண்டும். முழு உயரத்துக்கு ஒரு பின்பலகை அதைச் செய்துவிடும். 6 மி.மீ. போதும், ஓரம் நெடுக பெவிகால் தடவி நெருக்கமாக ஸ்குரூ போட வேண்டும். அதற்கு முன் ஆசாரி மூலைக்கு மூலை டேப் பிடித்து, குறுக்களவு இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்தார். டிவிக்குக் காற்று வேண்டுமே என்று நம்மவர் பின்னால் ஒரு ஜன்னல் கேட்டார். “ஜன்னல் வச்சா பலகை எதுக்கு?” என்று ஆசாரி வரிசையாகத் துளை மட்டும் போட்டுக் கொடுத்தார்.

அடுத்தது அடிக்கனம். பெட்டியின் அடியில் மணல் மூட்டை வைக்கலாம் என்றதும், “வீட்டுக்குள்ள மணலாங்க?” என்று மனைவி கேட்டார். அந்தக் கேள்விக்கு விழுப்புரத்தில் யாரிடமும் பதில் கிடையாது. மணலுக்குப் பதிலாக 25 கிலோ பொன்னி அரிசி மூட்டை உள்ளே போனது. இப்போது மொத்தம் 65 கிலோ. இரண்டடி அகலத்தில் கவிழ்க்க 21 கிலோவுக்கு மேல் விசை வேண்டும். சமையலறையிலும் இடம் மிச்சம். ஆனால் அரிசி என்பது தினமும் உலையில் போகிற பொருள். மாதப் பிறப்பில் மலையாக நின்ற பெட்டி, இருபது தேதி தாண்டினால் 13 கிலோவை நோக்கி இறங்கிவிடும். விருந்தாளி வந்தால் இன்னும் சீக்கிரம். “இன்னிக்குப் பொங்கல் வைக்கட்டுமா, இல்ல பசங்க கேம் ஆடணுமா?” என்று ஒரு நாள் காலையில் கேட்கப்பட்டபோது, மூட்டையை வெளியே எடுத்துவிட்டு, கட்டட வேலையில் மீந்த சாலிட் கல் இரண்டை உள்ளே வைத்துக் கட்டினார்கள்.

தரையும் சும்மா இருப்பதில்லை. கழுவிவிட்ட தண்ணீர் வாசல் பக்கம் ஓடட்டும் என்று கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார். பெட்டி எவ்வளவு நேராக இருந்தாலும் அதன் நாலாவது கால் காற்றில்தான். அட்டையை மடித்துச் சொருகுவது தமிழ்நாடெங்கும் உள்ள பழக்கம். ஆனால் ஆட ஆட அட்டை நழுவும். திருகி ஏற்றி இறக்கும் ரப்பர் வைத்த போல்ட் கால்களே சரி. அவற்றையும் மூலை ஓரத்திலேயே போட வேண்டும், உள்ளே தள்ளினால் கஷ்டப்பட்டு வாங்கிய இரண்டடி வீணாகிவிடும். கால் உயர்ந்ததில் இன்னொரு லாபம், தினமும் துடைக்கிற ஈரம் பலகையில் ஏறாது. விலை குறைவென்று எம்.டி.எஃப். பலகை வாங்குகிறவர்கள் மழைக்காலம் முடிவதற்குள் அடிப்பக்கம் ஊதிப் போய் நிற்பதைப் பார்ப்பார்கள்.

கோடை விடுமுறையில் பெட்டி திண்டிவனத்துக்கு மச்சான் வீட்டுக்குப் போனது. குட்டியானையில் ஏற்றி, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாக நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பயணம். நான்குவழிச் சாலையில் ஒன்றும் ஆகவில்லை. ஊருக்குள் வந்தபின் வந்த வேகத்தடைகளில்தான் பெவிகாலின் தரம் தெரிந்தது. ஸ்குரூ மட்டும் போட்டிருந்த ஜாய்ஸ்டிக் பலகை லொடலொடத்தது. ஒட்டி முடுக்கிய இடங்கள் அப்படியே இருந்தன.

திண்டிவனம் வீட்டுத் தரையின் வாட்டம் எதிர்ப்பக்கம். கால்களைத் திருகி ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகு, கடைசிக் காரியமாகச் சுவரில் இரண்டு எல் ஆங்கிள் அடிக்க வேண்டும் என்றார் நம்மவர்.

“போன தைக்குத்தான் பெயின்ட் அடிச்சோம் மாப்ள,” என்றார் மாமியார்.

ஐக்கியா கதை விரிவாகச் சொல்லப்பட்டது. மாமியார் முழுவதும் கேட்டுக்கொண்டார். “சரி, துளை போடுறதுன்னு ஆயிடுச்சு. மேல இன்னொண்ணு போட்டுக் காலண்டரை மாட்டிடுங்க.”

அன்று மாலை மச்சான் மகன், “மாமா, இப்ப பாருங்க” என்று இரண்டு கையாலும் பொத்தான்களை வெளுத்து வாங்கினான். பெட்டி இம்மியும் நகரவில்லை. காலண்டர் விழுந்தது.