இத்துடன் இலவசம்

பாட் நெக் ஜாக்கெட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தத் தீபாவளிக்குத் தாப்பாவில் அதை ஏன் யாரும் தைத்துப் போடக்கூடாது என்பதற்கு என்னிடம் மறுக்க முடியாத காரணங்கள் இருக்கின்றன. ஒன்றுவிடாமல் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் பசையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டால் நெஞ்செரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

போன வாரம் தீபாவளிச் சிறப்பிதழ் வந்தது. எந்தப் பத்திரிகை என்று கேட்காதீர்கள். அடுத்த இதழையும் நான் அவர்களிடம்தான் வாங்கியாக வேண்டும். கடைத் தம்பி எனக்கென்று எடுத்து வைத்ததைப் பழைய பேப்பரில் சுற்றித் தருவார். நானும் கடையில் பிரிக்க மாட்டேன். நடுத்தெருவில் நின்று பிரிக்கிற சாமானா அது? வீட்டுக்கு வந்து, கைகழுவி, ஈரம் போகத் துடைத்து, பக்கம் படபடக்காமல் இருக்கக் காற்றாடியை நிறுத்தி, அப்புறம்தான். வெள்ளி விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, அடியில் இருக்கும் ரூபாய் விலையைப் பார்த்து வயிறெரிவதெல்லாம் அதற்கும் பிறகு. உங்களுக்குத் தெரியாததா!

பிரித்தேன். அட்டையில் நடிகை. அவர் இடுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் வட்டம். வட்டத்துக்குள் கொட்டை எழுத்தில், 'இத்துடன் இலவசம்: பிளவுஸ் டிசைன் புத்தகம்'. அதற்குக் கீழே, புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில், குழந்தை துப்பிய கஞ்சி காய்ந்த மாதிரி உள்ளங்கை அகலத்துக்குப் பசை. புத்தகத்தைக் காணோம்.

போன் போட்டுக் கேட்டேன். "நாங்க எடுக்கலக்கா. வரும்போதே அப்படித்தான் வருது" என்றார் தம்பி. அவர் நல்ல பிள்ளை. பொய் சொல்கிறவராக இருந்தால் 'அது ஓவர்சீஸ் காப்பிக்குக் கிடையாதுக்கா' என்று கௌரவமாகச் சொல்லியிருப்பார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வரும்போதே என்றால் எங்கிருந்து வரும்போது?

"சென்னையிலேயே ஒட்டாம விட்டிருப்பாங்க" என்றார் என் வீட்டுக்காரர். ஒட்டாமல் பசை எப்படி வரும்? ஒட்டியிருக்கிறார்கள். விளக்கைப் போட்டு அட்டையை எடுத்துப் பார்த்தேன். பசையின் மேல் காகித நார் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, அதுவும் இடது ஓரத்தில் மட்டும். வலது மூலையில் நகம் கொடுத்து, அட்டை கிழியாமல், நிதானமாக உரித்துக்கொண்டே போய், கடைசியில் பொறுமை இழந்து இழுத்திருக்கிறார்கள். பழக்கப்பட்ட கை. முதல் தடவை செய்கிறவருக்கு நடிகையின் முழங்கையும் சேர்ந்து வந்திருக்கும்.

அடுத்த சந்தேகம், நாட்டுக்குள் வரும் வாசல். வெளியிலிருந்து வரும் அச்சைக் கவனிக்க இங்கே 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அச்சைப் பார்த்தால் சிலருக்குக் கை சும்மா இருக்காது என்பதற்கும் அத்தாட்சி உண்டு. 2014 ஜனவரியில் இன்டர்நேஷனல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் பன்றிகளின் படம் வந்தபோது, இங்கே அதை அச்சடித்தவர்கள் பன்றிகளின் முகத்தில் மட்டும் கறுப்பு மை பூசி அனுப்பினார்கள். உடம்பை விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்து ஆங்கில பேஷன் புத்தகங்களில் மாடல்களின் மேல் கறுப்பு மார்க்கர் ஓடியிருந்ததை நானே சலூனில் பார்த்திருக்கிறேன். ஆனால் மை பூசுகிறவர் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. போகிற போக்கில் தன் பங்குக்கு ஒரு ரவிக்கை கொடுத்துவிட்டுப் போகிறார். அவரை விடுதலை செய்தேன்.

அடுத்தது கோலாலம்பூர் மொத்த வியாபாரம். மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எத்தனை தையல் கடைகள் என்று யோசித்தபோது எனக்கு வியர்த்தது. காற்றாடியைக் கூட்டி வைத்தேன். அங்கே கட்டுப் பிரிக்கும் பையனுக்கு ஓர் அத்தை இல்லாமலா இருப்பார்? அந்த அத்தைக்குத் தையல் மெஷின் இல்லாமலா இருக்கும்?

அங்கிருந்து லாரி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறுகிறது. இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கோலாலம்பூரிலிருந்து வந்தால் முதலில் வருவது தாப்பா. தாப்பா டோல் இருக்கிறது, தாப்பா ஓய்விடம் இருக்கிறது. டிரைவர் அங்கே இறங்கி ஒரு தே தாரிக் குடிக்கிறார். என் புத்தகம் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் லாரிக்குள் படுத்துக் கிடக்கிறது. இறக்குகிறார்களா? கிடையாது. ஏஜெண்டு ஈப்போவில். ஆகவே என் புத்தகம் எனக்கு டாட்டா காட்டிவிட்டு, இன்னும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் வடக்கே போய், ஈப்போவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த வழியே தெற்கே திரும்பி வருகிறது. வெள்ளைக்காரன் 1893-லேயே தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு ரயில் விட்டுவிட்டான். இவர்களால் ஒரு கட்டுப் புத்தகத்தை வழியில் இறக்க முடியவில்லை. ஊரே கேமரன் மலைக்குத் திரும்புகிற முனையாகத்தான் நம்மைத் தெரிந்து வைத்திருக்கிறது. புத்தகம் மட்டும் மதிக்குமா?

ஆக, ஈப்போ. எல்லா விரலும் ஈப்போவைத்தான் காட்டுகிறது. லிட்டில் இந்தியாவில் போய்ப் பாருங்கள், கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மைகளின் முதுகை. இந்த மாசம் திடீரென்று எல்லா முதுகிலும் ஜன்னல், ஜன்னலுக்கு நாடா, நாடாவுக்குக் குஞ்சம். எங்கிருந்து வந்தது இந்த அறிவு? என்னுடைய இலவச இணைப்பு ஈப்போவில் முதுகு முதுகாக நடமாடிக்கொண்டிருக்கிறது. நான் இங்கே பசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாட் நெக்கை மறக்கவில்லை. வருகிறேன்.

"அந்தப் புத்தகம் கிடைச்சாலும் நீ என்ன தைக்கப் போற? படிக்கிறது பேஷன், போடுறது பாத்தேக் கஃப்தான்" என்று இடையில் ஒரு குரல். கேள்வியைப் பாருங்கள். கோயிலுக்குப் போகிறவர் எல்லாம் அர்ச்சகராகவா போகிறார்? தைப்பதற்கு நேரமும் இல்லை. எங்கள் தையல்கார அக்கா புரட்டாசி பிறந்ததுமே 'ஆர்டர் எடுப்பதில்லை' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டுவிடுவார். சிறப்பிதழோ அதற்கு அப்புறம்தான் தாப்பாவுக்கு வழி கண்டுபிடிக்கும். அதில் வருகிற டிசைனை அடுத்த தீபாவளிக்குத்தான் தைக்கலாம். அதற்குள் அடுத்த சிறப்பிதழ் வந்து 'இதெல்லாம் பழசு' என்று சொல்லிவிடும். இதனால் நான் ஒரு தீபாவளிக்கும் பேஷனாக இருந்ததில்லை. எல்லா வருஷமும் அதைப் பற்றி மற்றவர்களைவிட அதிகம் தெரிந்தவளாக மட்டும் இருந்திருக்கிறேன். அதற்கும் ஒரு மரியாதை உண்டு, யாராவது கொடுத்தால்.

இந்த உரிக்கிற புத்தி இன்று நேற்று வந்ததல்ல. நான் வளர்ந்தது தாப்பாவுக்கும் பீடோருக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டம். அப்போது கித்தா, இப்போது செம்பனை. சென்னைப் பத்திரிகை முதலில் கிராணி வீட்டுக்குப் போகும். பிறகு ஆயாக் கொட்டாய், பள்ளிக்கூட வாத்தியார் வீடு என்று சுற்றி, கடைசியில்தான் எங்கள் லயத்துக்கு. 1985-இல் 'பூவே பூச்சூடவா' வந்து, நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை என்று தமிழ் பேசுகிற பெண்களுக்கெல்லாம் காய்ச்சல் கண்ட சமயம். நதியாவின் முழுப்பக்கப் படம் வந்திருக்கிறது என்று லயமே காத்துக் கிடந்தோம். புத்தகம் வந்தது. பக்கமும் வந்தது. நதியா மட்டும் இல்லை. யாரோ கத்தரியால், முடியின் ஓரம்கூடப் பிசகாமல், அவரை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நதியா வடிவத்தில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து வெண்டைக்காய்ப் பச்சடி தெரிந்தது. அந்தக் கத்தரிக்காரியை எனக்குத் தெரியும். இப்போது அவளும் பாட்டி. கோயில் திருவிழாவில் பார்த்தால் சிரிப்பாள். நான் சிரிப்பதில்லை.

இதற்கெல்லாம் ஒரு ஜெர்மன்காரம்மா அப்போதே வழி கண்டுவிட்டார். ஏன்னே புர்டா. போரில் இடிந்து போன நாட்டில் 1950-இல் பேஷன் பத்திரிகை ஆரம்பித்தார். 1952 முதல் துணி வெட்டுகிற பேட்டர்ன் தாளையும் பத்திரிகையோடு சேர்த்துக் கொடுத்தார். கடையில் வாங்க வசதியில்லாத பெண்கள் அதை விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகிற கோடுகளில் தங்கள் கோட்டைக் கண்டுபிடித்து, தாங்களே தைத்துக்கொண்டார்கள். பத்திரிகை உலகம் முழுக்கப் போனது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? இலவசத்தைக் கொண்டுபோய் அட்டைக்கு மேலே, வருகிறவர் போகிறவர் கைக்கு எட்டுகிற இடத்தில், 'இத்துடன் இலவசம்' என்று திருடருக்கு அறிவிப்பும் எழுதி, ஒரு சொட்டுப் பசையில் ஒட்டுகிறார்கள். நடுப்பக்கத்தில் வைத்து இரண்டு பின் அடித்தால் என்ன குறைந்துவிடும்?

கோபத்தில் இனிமேல் தமிழ்ப் பத்திரிகையே வேண்டாம், உள்ளூர்ப் புத்தகம் வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 1960-இலிருந்து வந்துகொண்டிருந்த ஹெர் வேர்ல்டையும், ஃபீமேல், கிளியோ என்று சலூன் மேசையில் நாம் பார்த்துப் பழகிய மற்றதையும் வெளியிட்டு வந்த புளூ இங்க் நிறுவனம், 2020 ஏப்ரல் கடைசியில், நடமாட்டக் கட்டுப்பாட்டில் நாம் எல்லாரும் வீட்டுக்குள் கிடந்த நேரத்தில், கடையைச் சாத்திவிட்டது. சென்னையில் கல்கியும் மங்கையர் மலரும் அதே வருஷம் அச்சை விட்டு இணையத்துக்குப் போய்விட்டன. மங்கையர் மலர் 1981-இல் வந்தது. அந்தக் கோலங்களைப் பார்த்து எங்கள் அம்மா லயத்து வாசலில் புள்ளி வைத்திருக்கிறார். இங்கே தமிழ் நேசன் நாளிதழ் 1924-இல் தொடங்கி 2019 தொடக்கத்தில் நின்றது. அது பேஷன் பத்திரிகை அல்ல, ஆனால் ஞாயிறு பதிப்பில் யார் வீட்டுக் கல்யாணத்தில் என்ன புடவை என்று நான் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் இருந்ததில்லை. இப்படி ஒவ்வொன்றாகப் போய், மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டில்தான் பசையைத் தடவி அனுப்புகிறார்கள்.

நேற்று பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். காலேஜில் படிக்கிறாள். சிறப்பிதழை மேசை மேல் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இன்னும் இதெல்லாம் வாங்குறீங்களா? எல்லாம் போன்லயே இருக்கு" என்றாள். இந்த வசனத்தை யார் இவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். போனில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கட்டைவிரலால் தள்ளத் தள்ளப் பத்தாயிரம் ஜாக்கெட் வரும், ஒன்றும் மனசில் நிற்காது. முடிவே இல்லாத ஒன்றை எப்படி முதலில் படிப்பது? பக்கத்து வீட்டுக்காரிக்கு முன்னால் படித்து முடிக்கிற சுகம் அதில் எங்கே? இதையெல்லாம் அவளிடம் நான் சொல்லவில்லை. மைலோ கலக்கிக் கொடுக்கலாம் என்று அடுக்களைக்குள் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் என் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் சிறப்பிதழ். போனை நேராகப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் இன்னும் பார்க்காத நடுப்பக்கம், பாட் நெக் பதினாறு விதம், அதையும் எடுத்தாயிற்று. "அம்மாவுக்கு அனுப்புறேன் ஆன்ட்டி, ஈப்போவுல ஒரு அக்கா இன்னும் ஆர்டர் எடுக்குறாங்களாம்" என்றாள்.

எடுத்துவிட்டுப் போகட்டும். ஆனால் பக்கத்தைத் திருப்புவதற்கு ஒவ்வொரு தடவையும் விரலை நாக்கில் தொட்டாள்.