பூனையை எங்கே அனுப்புவது?

கேள்வி: மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறேன். வீட்டுப் பூனையை எங்காவது கொண்டுபோய் விடச் சொல்கிறார் மாமியார். விடத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். மாமியார் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி வெளியேறுவது பூனையின் மலத்தில்தான். அதுவும் 1 முதல் 5 நாள் கிடந்த பிறகே தொற்றும் பக்குவம் வரும். ஆகவே மணல் தட்டைத் தினமும் அள்ளிக் கொட்ட வேண்டும். அள்ளுவது கணவர்! (இப்படியொரு மருத்துவக் காரணம் இனி வாய்க்குமா?) பூனைக்குப் பச்சைக் கறி போடாதீர்கள், எலி வேட்டைக்கும் அனுப்பாதீர்கள். அரைவேக்காட்டுக் கறியும் அதே ஒட்டுண்ணியைத் தரும். கொத்தமல்லிக் கட்டின் வேரில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்த்தீர்களா? அதிலும் இந்த ஒட்டுண்ணி இருக்கலாம்; நன்றாக அலசுங்கள். ரோஜாத் தொட்டியைக் கிளறினால் கையுறை கட்டாயம். தெருப்பூனைகளின் கழிப்பறையே அதுதான்.