ஆள் பார்த்துத் துடிக்கும் இதயம்

பிரிட்டிஷ் சிறைகளுக்குத் தாயுள்ளம் உண்டு. கைதி சாப்பிடாவிட்டால் தாங்காது. 1909 செப்டம்பரில், பர்மிங்காம் சிறையில், அந்தத் தாயுள்ளம் பொங்கி வழிந்தது. ஓட்டுரிமை கேட்டுப் போராடி உள்ளே போன பெண்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கையையும் காலையும் அமுக்கிப் பிடித்து, ரப்பர் குழாயை இறக்கி, பாலும் முட்டையும் ஊற்றினார்கள். இதென்ன கொடுமை என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். மருத்துவச் சிகிச்சை என்றது அரசு. உறுப்பினர்கள் பலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கொதித்தவர் தொழிற்கட்சி உறுப்பினர் கீர் ஹார்டி.

சிகிச்சையிலும் தராதரம் பார்த்தார்கள்.

லேடி கான்ஸ்டன்ஸ் லிட்டன் பிரபு வீட்டுப் பெண். 1909 அக்டோபரில் நியூகாசிலில் ஒரு கார் மீது கல்லெறிந்து சிறை போனார். பட்டினி கிடந்தார். ஸ்டெதாஸ்கோப் ஓடி வந்தது. ஐயோ, பலவீனமான இதயம்! சில நாளிலேயே விடுதலை.

அம்மையாருக்குச் சந்தேகம். இது இதயத்தின் பலவீனமா, அப்பா பட்டத்தின் பலமா? முடியை வெட்டினார். மலிவான கோட்டையும் மூக்குக்கண்ணாடியையும் மாட்டினார். ஜேன் வார்ட்டன் என்ற தையல்காரியாக, 1910 ஜனவரியில் லிவர்பூல் வால்டன் சிறைக்குள் போனார். அதே உடம்பு. அதே இதயம். ஸ்டெதாஸ்கோப்தான் வரவில்லை. வாயைப் பிளக்க இரும்புக் கருவி வந்தது. பிறகு குழாய். எட்டு முறை. முதல் முறை முடிந்ததும் டாக்டர் கன்னத்தில் ஒரு அறை கொடுத்துவிட்டுப் போனார். அதுவும் சிகிச்சைதான் போலும். பிற்பாடு நெஞ்சைச் சோதித்த டாக்டருக்கு அது பிரமாதமான இதயமாகத் தெரிந்தது. ஏழைகளுக்கு இதயம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஆள் யாரென்று தெரிந்ததும் கதவு திறந்தது. பாரபட்சமா? கிடையவே கிடையாது என்றது உள்துறை.

இவருடைய அப்பாவை நமக்குத் தெரியும். வைஸ்ராய் லிட்டன் பிரபு. தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி 1 அன்று, விக்டோரியாவுக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் என்று டெல்லியில் தர்பார் நடத்திய மகான். அவர் ஆட்சி அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குப் போட்டார். கூடக் கொஞ்சம் சில்லறை. கஞ்சி என்று கதறியவன் வாயில் எந்தக் குழாயும் இறங்கவில்லை. வேண்டாம் என்று பல்லைக் கடித்த பெண்ணின் தொண்டையில் இறங்கியது. பசித்தவனிடம் சிக்கனம், பட்டினிப் போராளியிடம் தாராளம்.

குழாயின் பெயர் கெட்டதும் 1913இல் புதுச் சட்டம் வந்தது. சாகப்போகிற நிலையில் வெளியே விடு. தேறியதும் பிடித்து உள்ளே போடு. ஊர் அதற்கு வைத்த பெயர் பூனை-எலிச் சட்டம். கைதியின் உயிர் மேல் அக்கறையாம். அக்கறை, பிணம் சிறைக்குள் விழக்கூடாது என்பதில்.

1912இல் கான்ஸ்டன்ஸுக்குப் பக்கவாதம். வலது கை போயிற்று. சிறை அனுபவத்தை இடது கையால் எழுதினார். 1918இல் ஓட்டு வந்தது. ஆணுக்கு 21 வயது போதும். பெண்ணுக்கு 30 வயது, அதன் மேல் சொத்துத் தகுதி. அது இல்லாத ஜேன் வார்ட்டன்கள் 1928 வரை காத்திருந்தார்கள்.

குழாய் இறங்கத் தொடங்கியபோது உள்துறை அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் காத்திருக்கவில்லை. விஸ்கவுண்ட் பட்டமும் தென்னாப்பிரிக்க கவர்னர் ஜெனரல் பதவியும் அவருக்கு 1910இலேயே கிடைத்துவிட்டன.