சிப்பி தின்னச் சிறந்த ஊர்

சிப்பி தின்னக் கச்சிராயபாளையத்தைவிடப் பொருத்தமான கடலோர ஊர் இல்லை. கடல் எங்கே என்பார்கள். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை கடலோர மரக்காணமும் இவ்வூரும் ஒரே விழுப்புரம் மாவட்டம். ஆகவே கல்வராயன் மலையடிவாரம் ஆவணப்படி கடலோரம்தான். அலையைப் பிரித்துக்கொண்டு போனது அரசாணை, ஊரின் குற்றமல்ல. ஈடுகட்டக் கோமுகி அணை இருக்கிறது. தண்ணீர் கரிக்காதது சிறு குறை, ஒரு கை உப்பில் தீரும். உள்ளூரார் சிப்பியைத் தொடுவதே இல்லையே என்பது அடுத்த ஆட்சேபம். சுத்த அபாண்டம். பிரெஞ்சுக்காரர் எலுமிச்சை பிழிந்து சதையை விழுங்கிவிட்டு ஓட்டை வீசுகிறார். நம் பாட்டிகளோ சதைக்கு ஆசைப்படாமல், சுட்டு நீற்றிய சிப்பி, கிளிஞ்சல் ஓட்டையே வெற்றிலையில் தடவி நாளெல்லாம் மெல்கிறார்கள். முன்பதிவு வேண்டாம், பாக்கு வாங்கினால் பெட்டிக்கடையில் சுண்ணாம்பு இலவசம்.